வெறும் உப்புக் கரைசலில் ஏறிய பேனா

மூன்று மணிக்குக் கமிட்டி. பன்னிரண்டரை ஆகியும், தாளில் கோடு போடும் ரெக்கார்டர் பேனா எங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், வங்காளத்தில், பாலிகஞ்சில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். ஆராய்ச்சி மாணவி கல்பனா, கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஒளியில் வாழும் ஊதா நிற பாக்டீரியாவை உடைத்தால் அதன் சவ்வு சிறு பைகளாக மூடிக்கொள்ளும். விளக்கைப் போட்டால் பைகள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இழுக்கும். வெளியே பிஎச் உயரும்; கரைசலில் நிற்கும் எலக்ட்ரோடு அதை அளக்க, பேனா ஏறும். அன்கப்ளர் என்ற மருந்தைச் சேர்த்தால் சவ்வு ஒழுகும். பேனா ஏறக் கூடாது. இதைக் காட்டினால்தான் கமிட்டி அவளுடைய ஃபெலோஷிப்பை, அதாவது ஆராய்ச்சி உதவித்தொகையை, நீட்டிக்கும்.

மருந்து சேர்த்தும் பேனா ஏறியது. நான்கு நாளாக இதே கதை.

"தூத்! மருந்து பழசு, மணிதா," என்று சலித்துக்கொண்டாள் கல்பனா. மணி என் பெயர்; வங்காள வழக்கில் 'தா' என்றால் அண்ணன்.

"மூணு பாட்டில் மாத்தியாச்சும்மா."

தாளைப் பார்த்தேன். விளக்குப் போட்ட கணமே கோடு செங்குத்தாகத் தாவியிருந்தது. சவ்வு அயனியை இழுக்கச் சில விநாடிகளாவது ஆகும். கோடு சாய்ந்து ஏற வேண்டும்.

பாத்திரத்தைக் கழுவி, வெறும் உப்புக் கரைசலை ஊற்றி விளக்கைப் போட்டேன். பேனா தாவியது.

"உள்ள ஒண்ணுமே இல்லையே!" கல்பனா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

எலக்ட்ரோடைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதன் உள்ளே இருக்கும் வெள்ளிக் கம்பி, வெளிச்சம் பட்டால் தானாகவே மின்னழுத்தம் காட்டும். அதற்காகத்தான் யாரோ கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். கமிட்டி வருகிறதே, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நான்கு நாள் முன்பு அதை உரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தவன் நான்.

சொன்னேன். அவள் கத்தவில்லை.

"நாலு நாளா எல்லாரும் என் கையத்தான் சந்தேகப்பட்டாங்க, மணிதா."

கல்பனாவின் பேராசிரியரிடமும் போய்ச் சொன்னேன். வங்காளி, என் பெயர் அவர் வாயில் எப்போதும் மோனி. "மோனி, மன்னிப்பெல்லாம் அப்புறம். டேப் எங்கே?"

டேப்பைச் சுற்றி, ஐஸில் மிஞ்சியிருந்த சவ்வைப் போட்டோம். பேனா சாய்வாக, முன்பு ஏறியதில் பாதி உயரம் ஏறியது. கல்பனா மருந்தைச் சேர்த்தாள். விளக்கைப் போட்டேன். பேனா அசையவில்லை. இன்னொரு முறை செய்து பார்க்கச் சவ்வு மிச்சமில்லை.

அந்த ஒரே தாளோடு கமிட்டி அறைக்குள் போனாள். ஒரே ஒரு தடவை கிடைத்த முடிவு போதாது என்று சொல்லி, ஒரு வருடம் கேட்டவளுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதமும் எலக்ட்ரோடை அவளே கழுவினாள், என்னைத் தொடவிடவில்லை. நியாயம்தான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அழுக்கென்று தோன்றுவதை எடுக்கும் முன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சாம்பிளுக்கு முன் வெறும் கரைசலை ஓட்டிப் பாருங்கள். நான் இரண்டையும் முதலிலேயே செய்யவில்லை. என் சம்பளத்துக்கோ வேலைக்கோ ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதம் குறைந்தது அவளுக்கு.