பாம்புத்தோல் இரட்டைக்குழல்

துப்பாக்கிக் குழலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக் காது கொடுத்துக்கொண்டிருந்த மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்தது, பெண் பார்க்கப் போன அன்று. பலகாரம் வந்துவிட்டது, பெண்ணும் வந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்ணின் அப்பாவை மட்டும் காணவில்லை. தேடிப் போனால் கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறார். கிளையிலிருந்து இரண்டு பழைய குழல்கள் தொங்குகின்றன. ஒன்றைத் தட்டினார், வெண்கலச் செம்பைத் தட்டியது போல நீளமாக ஓசை எழுந்தது. மற்றொன்றைத் தட்டினார், மண்சட்டியைத் தட்டியது போலிருந்தது. "இது பேசுது, அது ஊமை. ஊமையை வச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் நான் யார் என்று கேட்டார். அவர்தான் என் மாமனார்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். அவர்களுடைய ஊர் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருந்தது. மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையும் கேப்பையும் நெல்லும் விளைகிற சொந்த நிலம். காட்டுப்பன்றி மல்லாட்டைக் கொல்லையைக் கிண்டாமல் பார்த்துக்கொள்ளத் துப்பாக்கி வேண்டும் என்று தொடங்கியது, என் கல்யாணத்தின்போது ஆறு துப்பாக்கிகளில் வந்து நின்றிருந்தது. ஒன்றுகூட நல்ல நிலையில் வாங்கியதல்ல. ஜமீன் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தது ஒன்று, விழுப்புரத்தில் ரயில்வேக்காரர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கழித்துவிட்டது ஒன்று, இப்படி. எல்லாவற்றுக்கும் முறையாக உரிமம் உண்டு. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, துரு நீக்கி, தோட்டாவை அடிக்கிற குதிரை உடைந்திருந்தால் அதற்குப் பதில் புதிதாக இரும்பை அராவிப் பொருத்தி, ஒவ்வொன்றையும் வீட்டில் ஒருவருக்கென்று ஆக்கிவிடுவார். பெரிய மைத்துனருக்கு இடது கை வாகு; அவருடைய துப்பாக்கியில் தோளுக்குக் கொடுக்கிற மரக்கட்டை அந்தப் பக்கம் வளைந்திருக்கும். சின்ன மைத்துனர் குள்ளம். அவருடையதில் இரண்டு விரற்கடை குறைத்திருப்பார். மாப்பிள்ளையான எனக்கும் கைநீளம் அளந்து அந்த ஆறில் ஒன்று தயாரானது. அதை வைத்துக்கொண்டு நான் எத்தனை கௌதாரி சுட்டேன் என்று கேட்டால் என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள்.

அறுவடை முடிந்த வாரம் குடும்பமே வேட்டைக்குக் கிளம்பும். பெண்கள் சட்டி பானையோடு வண்டியில் வருவார்கள். முயல் கிடைத்தால் முயல், இல்லாவிட்டால் கருவாடு. மாமியார் எப்போதும் கருவாட்டை எடுத்து வருவார். "இவங்க சுடுறத நம்பி உலை வைக்க முடியுமா" என்பது அவர் வாதம்.

ஏழாவது துப்பாக்கி புதுச்சேரியிலிருந்து வந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களில் கிடந்த இரட்டைக்குழல். கட்டை செல்லரித்து, குதிரை இரண்டும் இல்லாமல் இருந்தது. கண்டமங்கலம் எல்லைச் சாவடி வழியாக அதைக் கொண்டு வந்தபோது சோதனைக்காரர், கையில் அனுமதிச் சீட்டைப் பார்த்த பிறகும், "இது துப்பாக்கியா, வண்டி அச்சாணியா?" என்று கேட்டாராம். மாமா அதை வெகு பெருமையாகச் சொல்வார். ஒரு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினார். துரு போகப் போக, குழலின் மேல் கண்ணாடி விரியன் தோலைப் போல வரிவரியாக ஒரு கோலம் தெரிய ஆரம்பித்தது. இரும்பையும் எஃகையும் கயிறு போல முறுக்கிக் காய்ச்சி அடித்துச் செய்த பழங்காலத்துக் குழல் அது. கட்டைக்கு ஏற்ற மரம் கிடைக்கவில்லை. ஒரு நாள் மாமியார் மயிலத்துக் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், அவருடைய சீர்க் கட்டிலின் தலைப்பலகை காணாமல் போய்விட்டது. கெட்டியான ஈட்டி மரம். "எங்கப்பா குடுத்த கட்டிலு!" என்று மூன்று நாள் பேசாமல் இருந்தார். நான்காம் நாள், முடிந்த துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தவர், கட்டையைத் தடவிவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார். வீட்டில் அமைதி திரும்பியது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய மார்கழியில், துப்பாக்கி உரிமங்களில் கையெழுத்துப் போடுகிற வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எங்கள் ஏரிக்கு வாத்து சுட வந்து முகாம் போட்டார். துப்பாக்கிகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த வருஷத்து உரிமம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த சமயம். ஏழையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே கரைக்குப் போனோம். மொழிபெயர்க்க நான்.

அதிகாரி நல்ல ரசிகர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுப் பாம்புத்தோலில் வந்து நின்றுவிட்டார். குழலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்து, இன்றைக்கு இதில்தான் சுடப்போவதாக என்னிடம் சொன்னார்.

மாமாவின் முகம் மாறியது. "மாப்ளே, சொல்லுங்க. அது பழைய கொழலு. கருமருந்து தோட்டாதான் தாங்கும். இவரு வச்சிருக்கறது புது மருந்து, வேகம் ஜாஸ்தி. வெடிச்சா கை போயிடும்னு சொல்லுங்க."

கையெழுத்துப் போடுகிற துரையிடம், உன் கை போய்விடும் என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த மரியாதையான ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, "துப்பாக்கி சற்று வயதானது, தங்கள் தகுதிக்கு அது போதாதோ என்று என் மாமனார் தயங்குகிறார்" என்றேன். அதிகாரி உரக்கச் சிரித்து, வயதானவர்களிடம் தனக்குப் பிரியம் அதிகம் என்று சொல்லியபடி தோட்டாக்களைப் போட்டார்.

குழலை மூடப் போன நேரத்தில் மாமாவின் கை குறுக்கே வந்தது. துப்பாக்கியை அவர் கையிலிருந்து அப்படியே வாங்கிவிட்டார். வாங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பிடுங்கினார் என்பதுதான் சரி. டவாலி சேவகன் பாய்ந்து வந்தான். அதிகாரியின் காது சிவந்துவிட்டது.

"மாப்ளே, நான் சொன்னதச் சொன்னீங்களா, நீங்களா ஒண்ணு கட்டிச் சொன்னீங்களா?" என்றார் மாமா. நான் தரையைப் பார்த்தேன். "சரி, உடுங்க. வாயால சொல்ல வேணாம். காட்டிடறேன்."

மாட்டை அவிழ்த்து ஓட்டிவிட்டு, வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, துப்பாக்கியைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு குதிரைகளையும் ஏற்றினார். விசை ஒவ்வொன்றிலும் ஒரு நீளக் கயிறு. எல்லோரையும் கரைக்குப் பின்னால் போகச் சொன்னார். ஒரு வருஷ உழைப்பு அது. முதல் கயிற்றை இழுத்தார். ஏரி முழுவதும் வாத்துகள் எழும்பின. புகை கலைந்தபோது துப்பாக்கி அப்படியே இருந்தது. அதிகாரி எழுந்து நின்று, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது போல என்னைப் பார்த்தார். உரிமம் போயிற்று, ஏழு துப்பாக்கியும் போயிற்று, இனிப் பன்றிகள்தான் மல்லாட்டைக்குச் சொந்தக்காரர்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"இன்னொண்ணு கீது" என்று மாமா இரண்டாவது கயிற்றை இழுத்தார்.

அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தோம். வலது குழல் அடியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வாழைப்பூ மடல் போலப் பிரிந்து கிடந்தது. பிய்ந்த துண்டு ஒன்று சக்கரத்தின் ஆரக்காலில் ஆழமாகப் பதிந்திருந்தது. சுடுகிறவனின் இடது கை இருக்க வேண்டிய இடம் அது. அதிகாரி தன் இடது கையை ஒரு முறை விரித்து மூடிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மாமாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனார். மறுநாள் முகாம் கலைந்துவிட்டது. கோபமா, நன்றியா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மாமா துண்டு துணுக்குகளைத் துண்டில் முடிந்து கொண்டு வந்தார். இரண்டு நாள் கொல்லைப்புறத்துப் பக்கமே போகவில்லை. மாமியார்தான் அதை எடுத்து விரித்துப் பார்த்தார். "உங்க கொழலுதான் போச்சு. எங்கப்பா கட்டிலு அப்படியே கீது பாருங்க" என்று கட்டையைத் தூக்கிக் காட்டினார். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. வகுப்பில் பையன்களுக்கு மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தச் சக்கரம் கண்முன் வந்து நிற்கும். பயத்தால் வந்த மரியாதையும் ஒரு பொய்தான் என்பதை என் இருபத்தாறாவது வயதில், ஒரு மனிதனின் கையை ஏறக்குறைய விலையாகக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

தை பிறந்து சில நாளில் தபாலில் ஒரு உறை வந்தது. உரிமம் கையெழுத்தாகி வந்திருந்தது. ஏழாவது துப்பாக்கியின் பதிவை அடித்துவிட்டு, அதற்குப் பதில் வேறொன்று வாங்கிக்கொள்ள அனுமதியும் எழுதியிருந்தது. கூடவே அதிகாரியின் கையெழுத்தில் ஒரு கடிதம். வீடே சுற்றி உட்கார, நான் உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். தன் கையைக் காப்பாற்றியதற்கு நன்றி என்றும், சொந்தப் பொருளை அழித்து உண்மையைச் சொல்கிறவரை இந்த நாட்டிலும் தன் நாட்டிலும் அதிகம் பார்த்ததில்லை என்றும் எழுதியிருந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான் கடிதத்தை மடித்தேன்.

"இருங்க மாப்ளே," என்றார் மாமியார். அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. "அடியில இன்னும் ரெண்டு வரி கீதே, அது இன்னா?"

கடிதத்தை மறுபடி பிரித்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இந்த முறை ஒரு சொல்கூட விடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அடுத்த முறை நான் அங்கே வரும்போது, உங்கள் மருமகனைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்."