ஆத்மநாதன் சார் போனுக்குப் பாடம் நடத்திய வருஷம்

ஆத்மநாதன் சாருக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். முகம் இல்லாவிட்டால் அவர் வாயிலிருந்து கணக்கு வராது. கீரமங்கலத்துப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். அதே பள்ளிக்கூடத்தில் பெருக்கி, மணி அடித்து, வாந்தி எடுத்த பிள்ளைகளைக் கழுவிவிட்ட ஆயா நான். பேர் கண்ணாத்தாள். நான் சொல்வதில் ஏற்றமும் இல்லை, குறைச்சலும் இல்லை.

மனுஷர் தங்கமானவர் என்று சொல்ல மாட்டேன். தூங்குகிறவன் மண்டையில் சாக்பீஸை எறிவார், குறி தப்பாது. தன் கையெழுத்தைத் தானே நாலு தரம் தள்ளி நின்று பார்த்துக்கொள்வார். யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் மக்குப் பையன் முகத்தைப் பார்த்தே எந்த இடத்தில் அவன் சிக்கிக்கொண்டான் என்று கண்டுபிடித்துவிடுவார். அது ஒன்றுதான் அவரிடம் இருந்த சரக்கு. கஜா புயலில் அவர் அப்பன் வைத்த தென்னந்தோப்பு மொத்தமாகப் படுத்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் உலை கொதிப்பது இந்த வேலையை நம்பித்தான்.

கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். கொஞ்ச நாளில் தாளாளர் வெற்றிசெல்வன் வாத்தியார்களை எல்லாம் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார்.

"போன்ல பாடம் நடத்தத் தெரிஞ்சவங்க இருக்கலாம். தெரியாதவங்க வேற வேல பாத்துக்கலாம். இதுல மனவருத்தம் எதுவும் வேணாம்."

சாருக்கு வயது ஐம்பத்து மூன்று. வேறு வேலை என்ன பார்ப்பார்?

சொல்லிக்கொடுக்க வந்தது கம்ப்யூட்டர் மிஸ் இளமதி. அது சாரிடமே பத்தாவது படித்த பிள்ளை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் சார். அதே பெஞ்சில் அவரிடம் கொட்டு வாங்கியவள் இப்போது எதிரே நிற்கிறாள்.

"சார், அந்தப் பச்சைய அமுக்குங்க."

"அமுக்குனா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். வாட்ஸப்பு தொறக்கும்."

"ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு அமுக்கணும்?"

மற்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். நானும் விளக்குமாற்றை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

ஒரு வாரத்தில் குரூப் ஆரம்பித்துப் பாடத்தைப் போட்டுவிட்டார். போட்டது வகுப்பு குரூப்பில் இல்லை, சொந்தக்காரர்கள் குரூப்பில். அன்றைக்குக் காலையில்தான் அவருடைய பெரியப்பா செத்துப்போய், மாலை போட்ட படத்தை அதில் போட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே சார் எழுதியிருக்கிறார்: 'இன்றைக்குள் முடிக்க வேண்டும். முடித்தவர்கள் பெயரைப் பதிவிடவும்.' அவருடைய மச்சான் நாகராசு பதில் போட்டான்: 'பெரியப்பா முடிச்சிட்டாரு. அடுத்தது யாரு, நீங்களா?' துக்க வீட்டிலேயே அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்களாம். சாரின் சம்சாரம் சொர்ணவல்லி என்னிடம் சொல்லி அழுதது.

அடுத்து லைவ் கிளாஸ். நாற்பது பிள்ளைகளும் நாற்பது கறுப்புக் கட்டமாக வந்தார்கள்.

"கேமராவப் போடுங்கடா. மூஞ்சியக் காட்டுங்கடா."

"நெட்டு இல்ல சார்," என்று நாற்பதும் ஒரே குரலில் சொல்லும். நெட்டு இல்லாதவன் எப்படிடா பேசுகிறான் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு வேர்த்துப்போய் நிற்பார். எவனோ ஒருத்தன் ஆட்டைப் போலக் கத்துவான். எவன் என்று தெரியாமல் எதை எறிவது? சாக்பீஸ் கையிலேயே உடையும்.

மாசக் கடைசியில் தாளாளர் சொன்னார்: "சார், ஒங்க கிளாஸ்ல கால் மணி நேரத்துல முப்பது பேர் ஓடிட்டான். லைவ் வேணாம், போர்டுல எடுத்துப் பதிய வச்சு வீடியோவாக் குடுங்க, ஸ்கூல் சேனல்ல ஏத்துவோம். அதுவும் வரலேன்னா அடுத்த மாசம் பேசிக்குவோம்."

பத்தாம் வகுப்பு அறையில் போனைக் கம்பில் கட்டி நிறுத்தினாள் இளமதி. சார் போர்டு முன்னால் நின்றார். 'வணக்கம்' என்றார். அதோடு சரி. மறுபடியும் 'வணக்கம்'. எட்டு தடவை வணக்கம் வைத்தார், செத்தவனுக்கு வைப்பது போல.

"சார், இந்தப் போனையே பசங்கன்னு நெனச்சுக்கங்க."

"போனு முழிக்குமா? கொட்டாவி விடுமா? எத வச்சும்மா நான் புரிஞ்சுச்சா இல்லையான்னு பாக்குறது?"

நான் அப்போது ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார்.

"ஆயாம்மா, இங்கிட்டு வாங்க. அதப் போட்டுட்டு இந்தப் பெஞ்சுல உக்காருங்க."

"எனக்கு என்னங்க சார் தெரியும்? கூட்டவும் கழுவவும்தான் தெரியும்."

"அதான் வேணும். ஒங்களுக்குப் புரிஞ்சா எந்தக் கழுதைக்கும் புரியும்."

போனுக்கு வலது பக்கம் என்னை உட்கார வைத்தார். என் மூஞ்சியைப் பார்த்துப் பாடம் நடத்தினார். நான் புருவத்தைச் சுருக்கினால் நிறுத்துவார். "புரியுதா ஆயாம்மா?" என்பார். "இல்ல" என்பேன். முதலிலிருந்து வேறு மாதிரி சொல்லுவார். "இப்ப?" "பாதி." மறுபடியும் சொல்லுவார். எனக்காக அவர் கத்தியது எல்லாம் போனில் ஏறியது.

நிழலை வைத்து மரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு வந்தது. போர்டில் தென்னை மரம் போட்டார்.

"இந்த மரம் எம்புட்டு ஒசரம்னு தெரியணும். ஏறி அளக்க முடியாது."

"ஏன் முடியாது? என் வீட்டுக்காரரு ஏறித்தான விழுந்தாரு."

சார் திகைத்துப்போனார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த மரம் எம்புட்டு ஒசரம் இருக்கும் ஆயாம்மா?"

"சாகுற ஒசரம்."

அவர் ஒரு கம்பை எடுத்தார். மூன்றடிக் கம்புக்கு ஒன்றரை அடி நிழல். அந்த நேரத்தில் மரத்துக்கு இருபது அடி நிழல் என்றால் மரம் நாற்பது அடி. மறுநாள் என் வீட்டுக்காரர் விழுந்த மரத்தடிக்குப் போய் நானே கம்பை நட்டு நிழலை அளந்து பார்த்தேன். முப்பத்தெட்டு அடி. தாலி அறுத்து இருபது வருஷம் கழித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பேச்சை வெட்டிவிடலாம் என்றாள் இளமதி. "இருக்கட்டும், அதுதான் ஓடும்," என்றார் தாளாளர். ஓடியது. என் புருஷன் செத்ததை ஊர் ஊராக அனுப்பிச் சிரித்தார்கள், அப்படியே கணக்கையும் படித்தார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு தாய் சாருக்குப் போன் போட்டு, தன் மகன் சாப்பிடும்போதுகூட 'புரியுதா ஆயாம்மா' என்று தன்னைக் கேட்கிறான் என்று சொன்னாளாம்.

அப்புறம் சாரைப் பிடிக்க முடியவில்லை. நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் சந்தேகத்தைக் குரலில் அனுப்ப, இவரும் குரலிலேயே பதில் அனுப்பினார். குரூப்பில் கேள்வி போட்டு யார் யார் எந்த விடையைத் தொட்டார்கள் என்று பார்த்து, தப்பாகத் தொட்டவனைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். மற்ற வாத்தியார்கள் அவரிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். "பச்சைய அமுக்குனா என்னாகும் சார்?" என்று சரண்யா மிஸ் கேலியாகக் கேட்டால், "சம்பளம் வரும்," என்பார்.

ஏழு பாடம் முடிந்தது. எட்டாவதுதான் கடைசி. காசைச் சுண்டிப் பூவா தலையா என்று பார்க்கிற பாடம். ஒரே மூச்சில் எடுத்தார். நான் ஒரு தடவைகூடப் புருவத்தைச் சுருக்கவில்லை. முடித்ததும் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இளமதி வரவில்லை.

"இத யாருகிட்டயும் சொல்லாதீங்க ஆயாம்மா. தொண்டை சரியில்ல, இன்னும் எடுக்கலன்னு சொல்லப்போறேன்."

"ஏங்க சார்?"

"இதையும் குடுத்துட்டா அப்பறம் நான் எதுக்கு?"

"கிறுக்கா ஒங்களுக்கு? பசங்கள வைய ஆளு வேணாமா?"

"அதுக்கு யாரு வேணாலும் போதும்."

மூன்று வாரம் இருமிக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இனிமே ஒரு ஆயா போதும். நீங்களா அடைக்கலமேரியான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." அடைக்கலமேரி என்னோடு பன்னிரண்டு வருஷம் பெருக்கியவள், என்னைவிட வயதில் சின்னவள், முதுகு வளையும். என் முதுகு வளையாது. எனக்கு வேறு யாரும் இல்லை.

"சரி, அந்த அறையில நீங்கதான கூட இருக்கீங்க? சாரு கடைசிப் பாடத்த எடுத்துட்டாரா?"

தெரியாமல் சொன்னேன் என்று சொன்னால் பொய்.

"எடுத்துட்டாருங்கய்யா. போன்லதான் வச்சிருக்காரு. எனக்கே புரிஞ்சிருச்சுங்க."

மறுநாள் தாளாளர் சொல்லி இளமதிதான் போய்ப் போனை வாங்கி ஏற்றினாள். சார் அவளை ஒரு பார்வை பார்த்தார். அடைக்கலமேரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நீலச் சட்டையோடு வந்தார் சார். பத்தாம் வகுப்பில் பெரிய டிவி மாட்டியிருந்தது. தாளாளர் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "ஸ்மார்ட் கிளாஸ் போட்டாச்சு சார். கணக்க இனிமே வீடியோவே பாத்துக்கும். நோட்டுத் திருத்த ஒரு பொண்ணப் போட்டாச்சு."

"சார், அந்த வீடியோல இருக்குறது நான்தான் சார்."

"அதத்தான் சொல்றேன். நீங்கதான் இருக்கீங்களே."

சார் கேட்டுக்கு வந்தார். அங்கே இளமதி ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லாம் பார்க்க, அவள் எதிரே போய் நின்றார்.

"அல்ஜீப்ரா சொல்லிக் குடுத்தனே, அதுக்குத்தானா இது? எடுத்துட்டேன்னு போட்டுக் குடுத்தியே, நல்லா இருப்பியா நீ? நீயெல்லாம் வெளங்குவியா?"

"சார், சத்தியமா நான் இல்ல சார்…"

"எம் போன்ல கை வைக்கிறது நீ ஒருத்திதான? வேற யாருக்குத் தெரியும்?"

அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்றேன்; எனக்கும் தெரியும் என்பது அவர் கணக்கில் வரவே இல்லை. மணி ஒன்பதே கால் ஆகியிருந்தது. கேட்டைச் சாத்தினேன். சார் வெளியே நின்றார்.

அவர் வேறு வேலை தேடினார். திருக்கோகர்ணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏதோ ஒரு வகுப்பிலிருந்து அவருடைய குரலே கேட்டிருக்கிறது. 'மூணடிக் கம்புக்கு ஒண்ணரை அடி நெழல்.' அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் எழுந்து கையெல்லாம் குலுக்கினாராம். "ஒங்க வீடியோதான் சார் எங்க பசங்களுக்கு! நீங்க வந்து வேற என்ன சார் செய்யப்போறீங்க?" ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதை அவரே என்னிடம் சொன்னது பூ மார்க்கெட்டில். சரஸ்வதி பூஜைக்குப் பூ வாங்க என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஒரு கமிஷன் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். நீலச் சட்டைதான், காலர் கிழிந்திருந்தது. போனை வாய்க்கு நேரே பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். விவசாயிகள் குரூப்புக்குப் பூ விலை சொல்லுகிறார்: மல்லி இவ்வளவு, கனகாம்பரம் இவ்வளவு, சம்பங்கி யாரும் பறிக்க வேண்டாம். நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொன்னார். முதலாளி அவருக்குப் பாதி வயசு, "வாத்தியாரே, சுருக்கா முடிங்க," என்று அதட்டினான்.

"ஆயாம்மா, நம்ம வீடியோ ஓடுதா?"

"ஓடுது. நான்தான் போட்டு விடுறேன்."

"பசங்க பாக்குறாங்களா?"

"பாதி தூங்குதுங்க. எறியத்தான் ஆளு இல்லையே."

சிரிக்கப் பார்த்தார். பிறகு முகம் மாறியது. "எல்லாம் அந்தப் பாவி இளமதி பண்ணது. அன்னைக்கு மட்டும் அது வாயத் தொறக்காம இருந்திருந்தா…"

இரண்டு வருஷமாக இதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். ஊரில் அந்தப் பிள்ளையைக் குருத்துரோகி என்றே பேசினார்கள். போன மாசம்தான் கல்யாணம் முடிந்து புருஷனோடு சிங்கப்பூர் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் சார் வீட்டு வாசலில் பத்திரிகையை வைத்துவிட்டுப் போனாளாம். இவர் கையால் தொடவில்லையாம்.

"அந்தப் புள்ளய வையாதீங்க சார். போட்டுக் குடுத்தது நான்தான்."

தராசைப் பிடித்தபடி என் மூஞ்சியைப் பார்த்தார். வகுப்பில் பார்ப்பாரே, எங்கே சிக்கியிருக்கிறது என்று, அந்த மாதிரி.

"ஏன் ஆயாம்மா?"

"ஒரு ஆளுக்குத்தான் எடம் இருந்துச்சு. நீங்க இருந்தா என்ன, போனா என்ன, நான் இருக்கணும்ல?"

"இத ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் அந்தப் புள்ளைய…"

"சொல்லல."

என் பூவை நிறுத்தார். முள் சரியாக நடுவில் நிற்கும்வரை பார்த்தார், ஒரு மொட்டுகூட அதிகம் போடவில்லை. பொட்டலத்தை என் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார்.

"அடுத்த ஆளு வாங்க," என்றார்.

பூஜை விடுமுறை முடிந்து மறுபடியும் வகுப்பு. காலையில் நான்தான் டிவியைப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே போகப்போனேன். டிவியில் நீலச் சட்டை புதுசாக இருக்கிறது. சார் போர்டிலிருந்து திரும்பி, போனைப் பார்க்காமல், நான் உட்கார்ந்திருந்த பக்கமாகப் பார்த்தார்.

"புரியுதா ஆயாம்மா?"

நாற்பது பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டாமல் விட மாட்டார்கள், டெஸ்க்கைத் தட்டுவார்கள். தினமும் இதுதான். தலையாட்டினேன். ஓவென்று கத்தினார்கள். டிவியில் என் குரல் "இல்ல," என்றது. சார் பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தார்.