நாலாவது தரம்

பேஸ்மென்ற்றில் அண்ணனும் நானும் அமெரிக்க ஃபுட்போல் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி நிமிடம், எங்கள் அணி மூன்று புள்ளிகள் பின்னால். தோற்றால் அந்த வருடம் அத்தோடு சரி. மூன்றாவது முயற்சியும் தடுக்கப்பட்டதும், மூன்றே முயற்சி உள்ள கனடிய ஆட்டம் பார்த்த பழக்கத்தில் "முடிஞ்சுது" என்று தலையில் கைவைத்தேன்.

"விசரா, அங்க நாலு தரம். இன்னும் ஒண்டு கிடக்கு."

பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி; சமன், ஆட்டம் நீளும். பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி; வெற்றி. தடுத்துவிட்டால் தோல்வி. பயிற்சியாளர் உதைப்பவனை அனுப்பவில்லை. இப்படியான நேரத்தில் துணியாமல் உதைக்கவிடும் பயிற்சியாளர்களை வருடம் முழுக்கத் திட்டிய நான், "ஐயோ, உதையுங்கோ" என்று தொலைக்காட்சியிடம் கெஞ்சினேன்.

"நீதானே துணிவு துணிவு எண்டு கத்தினனி?" என்றான் அண்ணன்.

பந்தோடு பாய்ந்தவனைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னே விழுத்தினார்கள். உதைத்திருக்கலாம் என்று வாய்வரை வந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "எண்டாலும் துணிவுதான்" என்றேன்.