பாய்த்துணியில் பார்த்த கோயில்கள்

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் நான் உடன்குடியிலிருந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாமியார் அதிகம் பேசமாட்டார். உலை கொதிக்கிறதா, கதவைச் சாத்தினாயா என்பதற்குமேல் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து சீக்கிரமே வந்து, "மாதா கோயில் பள்ளிக்கூடத்துல படம் காட்டுதாவளாம், ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார். சினிமா என்று நினைத்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன்.

சினிமா இல்லை. அந்தப் பள்ளியில் நெடுநாளாக இருந்த வெள்ளைக்காரச் சாமியாருக்கு, அவர் பிறந்த மால்டா தீவிலிருந்து தம்பி கண்ணாடிப் படங்கள் அனுப்பியிருந்தாராம். அவற்றை ஒரு விளக்குப் பெட்டியில் செருகி, முற்றத்தில் கட்டிய தோணிப் பாயின்மேல் பெரிதாகக் காட்டினார். எல்லாம் ஏசுநாதருக்கும் வெகுகாலம் முந்திய கற்கோயில்கள். கடற்காற்றில் பாய் அசையும்போதெல்லாம் யானை யானையான பாறைகளும் அசைந்தன.

சாமியார் நம் ஊர்ப்பேச்சே பேசுவார். அங்கேயே எங்களைக் கூட்டிப்போகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். "இப்ப உள்ள போறோம். வாசல் தாழ்வு, தலைய குனிஞ்சுக்கிடுங்க!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் சட்டென்று குனிந்தார். நானும் குனிந்தேன். பின்னால் இருந்த பெண்கள் வரிசையே குனிந்தது. சாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த படத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டார்.

அதை நேராக்கியதும் ஓர் அம்மன் சிலை தெரிந்தது. மடிப்பு வைத்த பாவாடை, உரல் போல இரண்டு கால்கள். இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை.

"மேல்பாதி எங்க சாமி?"

கேட்டது என் மாமியார்! ஆண்கள் பக்கம் இருந்த என் வீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"காணாமப் போச்சும்மா. பேருகூட யாருக்கும் தெரியாது."

"போட்டும். கும்பிடுதவளுக்குக் காலு போதும்லா" என்றார் மாமியார். பிறகு என் காதோரம் வந்து, "ஏளா, அப்படியே எங்க அக்கா காலு கணக்கால்ல இருக்கு!" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஊர்ல என்ன கோயிலுளா? கொடைக்கு யாரெல்லாம் வருவா?"

சொல்ல ஆரம்பித்தேன். கொடைத் திருவிழா மேளம், பந்தல், சாமியாடுகிற என் பெரியப்பா என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. முன்னால் நடந்த என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முக்கிலும் எங்களுக்காக நின்று காத்திருக்க வேண்டியதாயிற்று.