உப்பில்லாத பெருக்கு

மூஸ் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக எங்கள் மில்லிக்கன் வீட்டில் எல்லோரையும் அரித்தெடுத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். காடுகளையும் சதுப்பையும் அறுத்துக்கொண்டு வடக்கே ஓடி ஜேம்ஸ் விரிகுடாவில் விழுகிற ஆறு. பீவர் என்ற நீர்விலங்கின் தோல் தேடி வெள்ளையர் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்த மண்ணின் பூர்வகுடிகளான கிரீ மக்கள் வள்ளம் வலித்த ஆறு. அதன் வாயில் வெள்ளைத் திமிங்கிலங்கள் வருமாம். அதைப் பார்க்காமல் பரீட்சை எழுதி என்ன பிரயோசனம்?

எங்கள் நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில், தொழிற்சாலை வேலை செய்த மச்சானை, என் மாமாவின் மகனை, இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒரு பகல் முழுக்கக் கார், வீதி முடிந்த இடத்தில் அதை விட்டுவிட்டுப் பிறகு ரெயின். தண்ணீர் ஏறியதும் ஆற்றுவாய்க்குக் கூட்டிப்போவதாகக் கிரீ படகோட்டி ஒருவர் சொன்னார். சும்மா காத்திருக்க என்னால் முடியுமா? வற்றிக் கிடந்த சேற்றைக் கடந்து இருவரும் ஆற்றின் நடுவிலிருந்த மணல்திட்டுக்குப் போனோம். அங்கே மூஸ் மானின் குளம்படிகள் இருந்தன.

மச்சான் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டான்.

"உப்பில்லையடா. உது ஆத்துத் தண்ணி. ஆறு எங்கையடா ஏறுறது? கடலெல்லோ ஏறும்."

"ஓம், சரிதான்" என்றேன். நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? பெருக்கு என்றால் எங்களுக்குக் கடல், உப்பு. கடல் பெருகும்போது ஆற்று நீர் போக வழியில்லாமல் நன்னீராகவே ஏறும் என்பது, தண்ணீர் முழங்காலைத் தொட்ட பிறகே உறைத்தது.

இடுப்புவரை நனைந்த எங்களைப் படகோட்டி வந்து ஏற்றிக் கரையில் விட்டார். விரிகுடாக் காற்றில் ஈரத்தோடு கூட்டிப்போக மறுத்துவிட்டார். நாளைக்கு வரச் சொன்னார். எங்கள் ரெயினோ அன்று பின்னேரம்.

"திங்கள் விடிய எனக்கு வேலை. போர்மன் துலைச்சுப்போடுவான்."

"நீ போ. நான் திமிங்கிலம் பாக்காமல் வரமாட்டன்."

"கார்த் திறப்பு என்னட்டையெல்லோ கிடக்கு. மில்லிக்கனுக்கு நடந்தோ வரப்போறாய்?"

"நடப்பன்."

என்னை முறைத்துப் பார்த்தான். பிறகு தொலைபேசிப் பெட்டிக்குள் போய், வயிற்றுக்குத்து என்று போர்மனுக்கு முனகிக் காட்டினான்.

மறுநாள், காய்ந்தும் காயாத காற்சட்டைகளோடு படகில் ஏறினோம். ஆற்றுவாயில் பழுப்புத் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெண்முதுகுகள் எழுந்தன. அவற்றை ஒட்டியபடி சாம்பல் நிறத்தில் ஒன்று.

"உது வெள்ளையில்லையே! உதுக்கோ நான் வேலையை விட்டிட்டு நிக்கிறன்?"

"குட்டியடா. வளர வளரத்தான் வெளுக்கும்."

"அப்ப அது வெளுக்கும் மட்டும் இஞ்சையே நிப்பமோ?" என்றான் மச்சான், பாதி உடம்பைப் படகுக்கு வெளியே நீட்டியபடி.