எதிரே எறிந்தவள்

அவளுடைய கோபத்தைப் பற்றி அந்தத் தொழிற்சாலையில் தெரியாதவர்கள் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே, "அந்தக் கடைசி மேஜையில உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்ட மட்டும் விளையாட்டு வெச்சுக்காதே" என்று சொல்லிவிடுவார்கள். அவள் தரம் பார்ப்பவள். ஊசி மருந்து போடும் சிரிஞ்சுகளின் பிளாஸ்டிக் குழல்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் கை வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தன. குறையுள்ளதைச் சிவப்புத் தொட்டியில் போடுவாள். மற்ற மேஜைகளைவிட அவள் தொட்டிதான் சீக்கிரம் நிறையும். அதனால் மெஷின்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ரிஜெக்ட் அக்கா'. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

அந்தக் கூடத்தில் பதினோரு மெஷின்கள். உருகிய பிளாஸ்டிக்கை ஊசி போடுகிற மாதிரி இரும்பு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும். அதனாலேயே அந்த வேலைக்கு இஞ்ஜெக்ஷன் மோல்டிங் என்று பெயர். ஆறியதும் அச்சு வாயைத் திறக்கும். உள்ளேயிருந்து மெல்லிய இரும்புக் கம்பிகள் நெட்டித் தள்ள, குழல்கள் தட்டில் வந்து விழும். அந்தக் கம்பிகளுக்கு எஜெக்டர் பின் என்று பெயர். இந்த வார்த்தைகள் எல்லாம் அவள் வாயில் தினமும் புரண்டவைதான். துடைப்பம், வாளி என்று சொல்வதுபோலச் சொல்லுவாள். இங்கிலீஷ் பேசுகிறோம் என்ற நினைப்பே இருக்காது.

ஒரு திங்கட்கிழமை காலை, நாலாம் மெஷினிலிருந்து வந்த குழல் ஒன்றை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நிறுத்தினாள். கழுத்துக்குக் கீழே முடி போல ஒரு கோடு. நகத்தால் வருடினாள். நகம் மாட்டியது. விரிசல்தான். அந்தத் தட்டிலிருந்த நூறு குழல்களில் பதினொன்று அப்படி இருந்தன. நூறையும் சிவப்புத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிட்டாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன், எதற்கும் சிரித்தே சமாளிக்கிறவன்.

"கண்ணுக்கே தெரியாத கோடு அக்கா இது."

"என் கண்ணுக்குத் தெரியுது. என் கண்ணுக்குத்தானே இங்க சம்பளம்?"

ஃபிட்டர் வந்து மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "எஜெக்டர் பின் வளைஞ்சிருக்கு. கோணலாத் தள்ளுது, அதான் கீறுது. அச்சைக் கழட்டித்தான் மாத்தணும். ரெண்டு நாள் மெஷின் நிக்கும்" என்றார். இன்சார்ஜின் சிரிப்பு நின்றது. மேனேஜரிடம் பேசிவிட்டு வருவதாகப் போனான், திரும்பி வரவில்லை. நாலாம் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தொட்டியும் நிறைந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஒட்டுநாடா வாங்கப் பேக்கிங் பகுதிக்குப் போனாள். அங்கே அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்று மூடாமல் இருந்தது. உள்ளே, தள்ளுகோல் மாட்டித் தயாராக இருந்த சிரிஞ்சு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே அதே கோடு. பெட்டியோடு வைத்திருந்த சோதனைச் சீட்டில், 'சரி பார்க்கப்பட்டது' என்ற வரிக்குப் பக்கத்தில், பதினாலாம் நம்பர் முத்திரை. அது அவளுடைய முத்திரை. அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் யாரோ மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் குத்தியிருக்கிறார்கள். அவள் தூக்கிப் போட்டதை எல்லாம் பொறுக்கி, அவள் பெயரிலேயே நல்லது என்று அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு திரும்பினாள். அழுகையா என்று பேக்கிங் பெண்கள் பார்த்தார்கள். அழுகை இல்லை.

மேனேஜர் அறைக் கதவை அவள் தட்டவில்லை.

"என் முத்திரைய யாரு எடுத்தா சார்?"

"முத்திரை கம்பெனியோடது."

"நம்பர் என்னோடது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, இது எவ்வளவு பெரிய புராஜெக்ட்னு தெரியுமா உனக்கு? நாப்பது ஆஸ்பத்திரிக்குச் சப்ளை. இந்த நேரத்துல ரிஜெக்ட் ரிஜெக்ட்னு உக்காந்திருந்தா எப்படி?"

"மருந்து ஒழுகும் சார். குழந்தைக்குப் போடற ஊசியில ரெண்டு சொட்டு ஒழுகினா என்ன ஆகும்?"

"சரி, உனக்கு அப்ஜெக்ஷன் இருந்தா எழுத்துல குடு. இங்கிலீஷ்ல எழுது. தலைமை ஆபீஸ்ல அதான் படிப்பாங்க" என்றவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இன்சார்ஜும் சிரித்தான். அவளால் எழுத முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சிரிப்புதான் அவளை அங்கிருந்து நேராக வீட்டுக்கு நடக்க வைத்தது. பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை.

வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். நாத்தனார் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். புருஷன் வேண்டாம் என்று பெட்டியோடு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் ஒரு நாள் சண்டை போடாவிட்டால் மறுநாள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

விஷயத்தைக் கேட்ட நாத்தனார் சொன்னாள்: "இவ்வளவுதானே? நான் அடிச்சுத் தர்றேன் அண்ணி, நீங்க கையெழுத்துப் போடுங்க. ஒரு நாளைக்கு இருபது அப்ஜெக்ஷன் அடிக்கிறவ நான்."

"நீ அடிச்சா அது உன் லெட்டர். என்னால முடியாதுன்னுதான் அந்தாளு சிரிச்சான். நானே எழுதறேன். தப்பு இருந்தா மட்டும் சொல்லு."

ஆபீஸில் கழித்துக் கட்டிய தடித்த அகராதி ஒன்றை நாத்தனார் வீட்டில் வைத்திருந்தாள். அதைச் சமையல் மேடையில் விரித்துப் போட்டு, அடுப்பில் வெந்துகொண்டிருந்ததை மறந்து, அவள் அப்ஜெக்ஷனைத் தேடினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பெட்டி லேபிள்களைப் படித்துப் படித்து வந்த படிப்பு. முதலில் குழப்பம். அதற்கு மேலிருந்த அப்ஜெக்ட் என்ற சொல்லுக்கு வஸ்து என்றும் போட்டிருந்தது, எதிர்ப்பது என்றும் போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. லத்தீனிலிருந்து வந்ததாம். 'அப்' என்றால் எதிரே. 'ஜெக்ட்' என்றால் எறிவது.

"எதிர்ல எறியறதா?"

"என்ன எறியறது?"

"அப்ஜெக்ஷன்டீ. அப்படின்னா எதிர்ல தூக்கி எறியறதாம்."

அவளுக்கு என்னவோ தோன்றி, பக்கங்களைப் பரபரவென்று புரட்டினாள். ரிஜெக்ட்: திருப்பி எறிவது. எஜெக்ட்: வெளியே எறிவது. இஞ்ஜெக்ட்: உள்ளே எறிவது. மேனேஜர் வாய்க்கு வாய் சொல்லும் புராஜெக்ட்: முன்னே எறிவது. எல்லாவற்றின் அடியிலும் அதே ஒரு லத்தீன் சொல்.

"இதை எப்படிப் படிக்கணும்? ஜாசெரேவா?"

"யாரு கண்டா? அந்த பாஷை பேசறவங்க யாராவது உயிரோட இருந்தா கேக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவளைச் சுற்றிக் கிடந்த வார்த்தைகள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! எறிகிற கை ஒன்றுதான். முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டு எந்தப் பக்கம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். உள்ளே, வெளியே, திரும்ப, முன்னே, எதிரே. இதில் என்ன கஷ்டம்? இவ்வளவு எளிதான விஷயத்துக்கா அவள் அடி வாங்கினாள்?

பத்தாம் வகுப்பில் அவளுடைய இங்கிலீஷ் வாத்தியார் தினமும் பலகையில் ஐம்பது சொற்களை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லுவார். அட்ஜெக்டிவ் என்றால் என்ன, இண்டர்ஜெக்ஷன் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே பிரம்பை மேஜையில் தட்டுவார்; தெரியாவிட்டால் அது கையில் இறங்கும். அவள் எல்லாவற்றையும் தனித்தனியாக விழுங்கிப் பார்த்தாள், ஒன்றும் தங்கவில்லை. பரீட்சையில் முப்பத்திரண்டு. மூன்று மார்க் குறைவு. அண்ணனுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்த வீடு, அவளைத் துணிக்கடையில் சட்டை மடிக்க அனுப்பியது. இப்போது பார்த்தால் அந்த அட்ஜெக்டிவும் இண்டர்ஜெக்ஷனும்கூட இந்தக் குடும்பம்தான். ஒன்று பக்கத்தில் எறிந்தது, இன்னொன்று நடுவில் எறிந்தது.

அகராதியைப் படாரென்று மூடினாள்.

"புக்கை ஏன் அடிக்கிறீங்க? அது என்ன பண்ணிச்சு?" என்றாள் நாத்தனார்.

"அந்த வாத்தியாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம் இல்ல? பிரம்பைத் தட்டின நேரத்துல சொல்லியிருக்கலாம்!"

நாத்தனார் எழுந்து போய், தீய்ந்துபோன பாத்திரத்தை இறக்கினாள். அன்றைக்கு அவர்கள் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கடிதம் ஆறு வரி. நாலாம் மெஷினின் எஜெக்டர் பின் வளைந்திருக்கிறது, குழலில் விரிசல் விழுகிறது, நான் ரிஜெக்ட் செய்தவை என் முத்திரையோடு பெட்டிக்குள் போகின்றன, இதற்கு நான் அப்ஜெக்ட் செய்கிறேன். நாத்தனார் இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் காட்டினாள். மறுநாள் காலை அதை மேனேஜர் மேஜையில் வைத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். மேனேஜர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. இங்கிலீஷில், இரண்டே வரி. உங்கள் புகார் வெறும் கன்ஜெக்சர். இந்த சப்ஜெக்டை இனி எழுப்ப வேண்டாம். அவள் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அகராதியைத் திறந்தாள். கன்ஜெக்சர்: சேர்த்து எறிந்தது, அதாவது கையில் கிடைத்ததைக் கூட்டி வைத்துச் சொல்லும் ஊகம். சப்ஜெக்ட்: கீழே எறிந்தது.

"ஊகமா?" என்றாள். நாத்தனார் பதில் சொல்வதற்குள் குரல் ஏறியது. "கண்ணால பாத்து, நகத்தால தொட்டுச் சொன்னது ஊகமா? ஃபிட்டர் தலைய விட்டுப் பாத்தது ஊகமா? என் நம்பரைத் திருடிக் குத்தினாங்களே, அதுவும் ஊகமா?"

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"காட்டப் போறேன்."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிகளின் கொள்முதல் அதிகாரி வந்தாள். நரைத்த குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, அதிகம் பேசாதவள். மாடி அறையில் புராஜெக்ட் பற்றிய கூட்டம். திரையில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பேக்கிங் பெண்கள் இரண்டு பேர் சீல் வைத்த பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். பின்னால் அவள், ஒரு கையில் நீல மை கலந்த தண்ணீர் ஜாடி, மற்ற கையில் வெள்ளைக் காகிதத் துண்டுகள்.

"யாரு உன்னை உள்ள விட்டது?" என்று மேனேஜர் எழுந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "அம்மா, இது உங்களுக்கு அனுப்பற பெட்டி. சீலை நீங்களே உடைங்க. உள்ள இருந்து இருபது சிரிஞ்சு, உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே எடுங்க. நான் தொட மாட்டேன்."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள். சீலை உடைத்தாள். இவள் சொன்னபடி, ஒவ்வொன்றிலும் மைத்தண்ணீரை இழுத்து, முனையை விரலால் அடைத்து, பின்பக்கம் அழுத்தி, காகிதத்தால் சுற்றிப் பிடித்தாள். முதல் ஐந்தில் ஒன்றும் இல்லை. இன்சார்ஜின் முகத்தில் சிரிப்பு திரும்பியது. ஆறாவது காகிதத்தில் நீலம் ஊறியது. ஒன்பதாவதில் ஊறியது. பதினேழாவது வெடித்து, அதிகாரியின் சட்டைக் கையில் தெறித்தது.

"இது பழைய அச்சுல வந்த லாட், மேடம்…" என்று மேனேஜர் தொடங்கினார்.

"எழுத்துல என்ன சொன்னீங்க சார்? கன்ஜெக்சர்னுதானே?" என்று அவள் குறுக்கே விழுந்து, மடித்த கடிதங்கள் இரண்டையும் மேஜையில் எறிந்தாள். உண்மையாகவே எறிந்தாள். ஒன்று வழுக்கிப்போய் அதிகாரியின் கைக்கு அடியில் நின்றது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தாள். பிறகு திரையை அணைக்கச் சொன்னாள்.

அன்று மாலையே நாலாம் மெஷின் நின்றது. அச்சைக் கழற்றிப் பின்னை மாற்ற, ஃபிட்டர் சொன்னபடி சரியாக இரண்டு நாள் பிடித்தது. அனுப்பிய பெட்டிகள் திரும்பி வந்தன. இன்சார்ஜ் வேலையை விட்டுப் போனான். மேனேஜரை வேறு தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குப் பெரிய அறை கொடுத்திருப்பதாகக் கேள்வி. அறிவிப்புப் பலகையில், நிர்வாகத்தின் விழிப்பால் குறை கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு தாள் ஒட்டினார்கள். அவள் அதைக் கிழித்தாள். மறுநாள் மறுபடி ஒட்டினார்கள். மறுபடி கிழித்தாள். மூன்றாம் நாள் ஒட்டவில்லை. அவளை யாரும் கூப்பிட்டு நன்றி சொல்லவும் இல்லை, வேலையை விட்டு எடுக்கவும் இல்லை.

"ஜெயிச்சுட்டீங்களே அண்ணி, இன்னும் ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?" என்று நாத்தனார் ஒரு நாள் கேட்டாள்.

"அறுபத்திரண்டு பெட்டி போச்சு. அம்பத்தஞ்சுதான் திரும்பி வந்திருக்கு."

"மீதி?"

"உபயோகிச்சுட்டாங்களாம்."

நாத்தனார் அகராதியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

இப்போது புது மேனேஜர் வந்திருக்கிறார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை தொடங்குமுன் அவள் அவர் அறைக்குப் போகிறாள். அந்த ஏழு பெட்டிகள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயின, யாருக்குப் போடப்பட்டன என்று கேட்கிறாள். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார் அவர். அவள் சரி என்று சொல்வதில்லை. கைப்பட எழுதிய இங்கிலீஷ் கடிதம் ஒன்றை மேஜையில் வைத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தன் மேஜைக்குப் போய் விளக்கைப் போடுகிறாள். இதுவரை பதினெட்டுக் கடிதங்கள்.