விண்வெளியிலும் கான்ட்ராக்ட்

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை மண்வெட்டியால் வாரி மறுபடியும் பெல்ட்டிலேயே போடுவதுதான் அப்போது என் வேலை. டிப்ளமோ படித்தவனுக்கு அந்த வேலையா என்று கேட்காதீர்கள். என்னைவிட அதிகம் படித்த இரண்டு பேர் பக்கத்துப் பெல்ட்டில் அதையேதான் வாரிக்கொண்டிருந்தார்கள். கான்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு நான் விண்வெளிக்குப் போய்விடுவேன்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வடக்குத்தில் யாரிடம் சொன்னாலும் சிரித்துத்தான் இருப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் இல்லாமல் தவித்த வருஷங்கள் அவை. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். சாம்பல் எங்கள் கொடியில் காயும் துணி மேல் விழும். கரண்ட் மட்டும் வராது. சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள் அந்தப் பேச்சே கிடையாது. அதன் நுழைவாயில் ஆர்ச்சைத் தாண்டி உள்ளே போனால் பகலிலும் தெருவிளக்கு எரியும். அதனால்தான் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நண்பனின் குவார்ட்டர்ஸுக்குப் போவேன். அவனை நண்பன் என்றே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதினாலும் கோபம் வெளியே தெரிந்துவிடும்.

பன்னிரண்டாவது வரை ஒன்றாகப் படித்தவன். அவன் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஏதோ பரீட்சைக்குத் தயார் செய்வதாகச் சொல்லி வீட்டில் உட்கார்ந்திருந்தான். குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் நான் அங்கே போவேன். இருந்தாலும் அவன் அம்மா நான் உட்காரும் நாற்காலியில் முதலில் ஒரு செய்தித்தாளை விரிப்பார்கள். “கரித்தூசி ஒட்டிக்கும்பா” என்பார்கள். தூசி மட்டும்தானா என்று நான் கேட்டதில்லை.

அந்த ஆன்லைன் விண்வெளி விளையாட்டை அறிமுகப்படுத்தியவன் அவன்தான். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள், உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள், எல்லோரும் ஒரே வானத்தில். அவனுக்குச் சண்டை பிடிக்கும், பெரிய பீரங்கிக் கப்பல் வைத்திருந்தான். எனக்குச் சண்டைக்கெல்லாம் வசதி இல்லை. சின்னக் கப்பல், துப்பாக்கி கிடையாது, புரோப் என்கிற எட்டுத் தேடுகருவிகள் மட்டும். அவற்றை வானத்தில் பரப்பி, வரைபடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே வந்தால் எங்கோ மறைந்து கிடக்கும் ஒரு இடத்தின் சமிக்ஞை ஏறும். முப்பது சதவீதம், அறுபது, தொண்ணூறு. நூறு வந்தால் அந்த இடம் நமக்கு. அங்கே போனால் யாரோ எந்தக் காலத்திலோ கட்டி இடிந்துபோன நிலையம் ஒன்று மிதந்துகொண்டிருக்கும், அதற்குள் பூட்டிய பெட்டிகள்.

முதல் நாள் எட்டுப் புரோப்பையும் ஒரே இடத்தில் குவித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஏன் ஒன்றும் அகப்படவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் வைக்க வேண்டும் என்பது தெரியவில்லை. இரண்டாவது நாள் ஒரு பெட்டியைத் திறந்துவிட்டேன். திறந்த சந்தோஷத்தில் உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் எழுதியிருந்த விவரத்தை உட்கார்ந்து படித்தேன். எவனோ பின்னால் வந்து கப்பலோடு சேர்த்துக் கொளுத்திவிட்டுப் போனான். எடுத்தோமா ஓடினோமா என்று இருக்க வேண்டும். நான்கு கப்பல் போன பிறகு அது புத்தியில் ஏறியது.

ஆனால் அந்த நூறு சதவீதம் வரும் நொடி இருக்கிறதே, அதற்காக எத்தனை கப்பல் வேண்டுமானாலும் போகட்டும் என்று இருந்தது. எங்கள் பக்கம் சுரங்கம் வருவதற்கு முன்னால் வயலில் ஆழமாகக் குழாய் இறக்கிப் போர் போட்டுப் பார்ப்பார்கள். இளம் வயதில் அப்பா அந்தப் போர் வண்டியில் குழாய் பிடிக்கும் ஆளாக இருந்தார். பூமிக்கு அடியிலிருந்து என்ன வந்தது என்று அவரிடம் யாரும் காட்டியதில்லை. மண்ணைப் பெட்டியில் அடுக்கி, மூடி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். இங்கே தேடுகிறவனும் நானே, முதலில் பார்க்கிறவனும் நானே. இருபத்துநான்கு வயதில் முதல் தடவையாக ஒரு வேலையை முழுசாக நானே செய்தேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, ஒரு நாள் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஒரு குழுவில் சேர்ந்தேன். நாற்பது பேர் இருக்கும், பல தேசத்துக்காரர்கள். தலைவர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. எழுத்தில் மட்டும்தான் பேச்சு. புதிதாகச் சேர்ந்தவன் முதலில் தற்காலிக உறுப்பினர், பிறகு முழு உறுப்பினர். முழு உறுப்பினருக்குத்தான் குழுவின் கிடங்குச் சாவி கிடைக்கும்.

தற்காலிகம் என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு உடம்பு வளைந்துவிட்டது. அதில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கண்டெடுத்ததையெல்லாம் குழுவின் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானே போட்டேன். தினமும் விளையாடி முடிக்கும்போது எந்த நட்சத்திரம், என்ன கிடைத்தது, எந்தப் பக்கம் ஆபத்து என்று பெல்ட் லாக் புத்தகத்தில் எழுதுவது மாதிரியே தலைவருக்கு எழுதி அனுப்பினேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘சார்’. அவர் நன்றி நண்பா என்று பதில் போடுவார். எட்டு மாதம் இப்படியே போனது. என்னை எப்போது முழு உறுப்பினர் ஆக்குவீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவன் நான். அப்பாவோடு வேலை செய்த ஒருவர், பெர்மனென்ட் ஆகிற லிஸ்ட்டில் நம் பெயர் எத்தனையாவது என்று கான்ட்ராக்டரிடம் கேட்டார். அடுத்த மாதம் அவருடைய கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அப்பா அதை எனக்கு ஒரே வரியில் சொன்னார். “வாய மூடிக்கினு வேலயப் பாரு, அவங்களே கூப்பிடுவாங்க.” சொல்லும்போது அவருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். நடுவில் கான்ட்ராக்டர் ஐந்து முறை மாறிவிட்டதால் அது எங்கிருந்து கணக்கு என்பது அவருக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில் தலைவர் ஒரு பெரிய பயணம் அறிவித்தார். சில நேரம் வானத்தில் ஒரு துளை திறக்கும். அதன் வழியாகப் போனால் வரைபடமே இல்லாத இடங்கள். குழு மொத்தமும் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கப்போகிறது. அதற்கு ஏற்ற துளையைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. யாருமே பார்க்காத இடம். பெல்ட்டில் வாரும்போதும் அதே நினைப்பு, சாப்பிடும்போதும் அதே நினைப்பு. அங்கே போய்விட வேண்டும். அந்த வயதில் வேறு எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

என் மூலமாக நண்பனும் குழுவில் சேர்ந்தான். சேர்ந்த அன்றே, நானும் வரலாமா என்று தலைவரிடம் கேட்டான். தாராளமாக வா என்றார். சாவியும் கேட்டான், அதுவும் வந்தது. பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் மேல் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்காகவும் அவனே கேட்டான். இவனும் வருவான்தானே என்று. இது என்ன கேள்வி, வழி கண்டுபிடிப்பதே அவன்தானே என்று தலைவர் எழுதினார். ஆக, நானும் போகிறேன். அன்று ஆர்ச் வாசல் வரை பஸ்ஸுக்கு நடக்காமல் ஓடினேன்.

துளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. எனக்கு வார விடுமுறை. அது எவ்வளவு எடை தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு கப்பல் நுழையும்போதும் கொஞ்சம் சுருங்கும், தாங்க முடியாத அளவு வந்ததும் மூடிக்கொள்ளும். பிறகு அந்த வழி அங்கே கிடையாது. நான் தகவல் கொடுத்ததும், வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று தலைவர் எழுதினார். பார்த்துக்கொண்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள், கை அசைப்பது மாதிரி ஒரு வார்த்தை எழுதிவிட்டு உள்ளே போனார்கள். எதிரி வருகிறானா என்று கவனித்துக்கொண்டே போனவர்களின் எடையைத் தாளில் கூட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிப்டுக்கான ரிலீவர் வந்து இடத்தை வாங்கிக்கொள்ளாமல் பெல்ட்டை விட்டு நகரக்கூடாது. சங்கு ஊதியதா, ஷிப்ட் பஸ் போய்விட்டதா என்பதெல்லாம் பேச்சே இல்லை. அவன் வரவில்லையென்றால் அடுத்த ஷிப்டும் நீதான். பத்து நிமிஷம் முன்னால் கிளம்பிய ஒருவன் மறுபடி கேட்டுக்குள் நுழையவில்லை. அதனால் வாசலைப் பார்த்துக்கொள் என்று ஒருவர் சொன்னால் என் காதில் விழுவது ஒன்றுதான். ஆள் வருகிற வரைக்கும் நில்.

முப்பது கப்பலுக்கு மேல் போய்விட்டது. யாரும் வந்து நான் பார்க்கிறேன் நீ போ என்று சொல்லவில்லை. என்னுடையது எடையே இல்லாத சின்னக் கப்பல், எப்போது வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அழுத்திப் போயிருக்கலாம். நண்பன் சமையலறையில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். என் திரையைப் பார்க்கவில்லை. தன் பெரிய கப்பலைக் கொண்டுவந்து நேராகத் துளைக்குள் விட்டான். கணக்கு அதோடு முடிந்துவிட்டது. என் எதிரில் துளை உள்வாங்கி, ஒரு புள்ளியாகி, இல்லாமல் போனது.

“எங்கடா இருக்க?” என்றான் அவன், திரையில் என்னைத் தேடியபடி.

“வெளியிலதான்.”

“ஏன், போக வேண்டியதுதானே?”

“ரிலீவர் வரலடா.”

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்து முதலில் லேசாகச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் நிஜமாகவே சிரிக்க ஆரம்பித்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அம்மா என்னவென்று கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் விளக்கிச் சொன்னான். அவர்கள் என்னைப் பார்த்து, “பாவம்” என்றார்கள்.

“உன்ன யாருடா நிக்கச் சொன்னது?” என்று அவன் கேட்டான்.

தலைவர் எழுதியதை மேலே தேடிப் போய்ப் பார்த்தேன். வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கொள். ஆள் அனுப்புகிறேன் என்று இல்லை. கடைசி வரை நில் என்று இல்லை. அதையெல்லாம் நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தலைவரும் உள்ளேயிருந்து அதையேதான் கேட்டார், நீ ஏன் தாவவில்லை, நீ எங்களோடு வந்துவிட்டதாகவே நினைத்தோம் என்று. மன்னிக்கவும் சார் என்று பதில் போட்டேன். வழியைக் கண்டுபிடித்தவன் நான், மன்னிப்புக் கேட்டவனும் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

வேறு வழி கிடைக்கிறதா என்று ஒரு மாதம் தேடினேன். எட்டுப் புரோப்பும் தேய்ந்திருக்கும். கிடைத்த துளையெல்லாம் வேறு எங்கெங்கோ போனது. அந்த ஒரு மாதமும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் உள்ளே பார்த்ததை எனக்குக் காட்டினான். இங்க பாருடா, இங்க பாருடா என்று. அவனுக்கு அங்கே எதையும் தேடத் தெரியவில்லை, சும்மா சுற்றினான். பிறகு அலுத்துவிட்டது. சென்னையில் அவன் அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு வேலை அமைந்தது.

கிளம்பும் முன் ஒரு துண்டுத் தாளில் அவனுடைய ஐடியையும் பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தான். “நீயே வச்சிக்கடா. எனக்கு இனிமே டைம் இருக்காது.” நல்ல மனசோடுதான் கொடுத்தான், அதில் சந்தேகமில்லை. முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்குள் வடக்குத்திலும் கரண்ட் ஓரளவு நிலையாக வர ஆரம்பித்திருந்தது. ஒரு மாலை வீட்டிலேயே உட்கார்ந்து அவன் பேரில் உள்ளே போனேன். ஊதா நிறத்தில் ஒரு வானம், நடுவில் செத்துக்கொண்டிருக்கும் வெள்ளை நட்சத்திரம். யாரும் பெயர் வைக்காத இடம். நான் ஆசைப்பட்டது அதுதான், அப்படியேதான் இருந்தது. அப்பா பின்னால் வந்து நின்று, “இன்னாத்தடா பாத்துக்கினு குந்தினு இருக்க?” என்றார். சும்மா என்றேன்.

அவன் பேரில் தேட ஆரம்பித்தேன். ஒரே மாலையில் ஐந்து இடம் அகப்பட்டது. தேடுவதில் இவ்வளவு தேறிவிட்டாயே என்று தலைவர் ஆச்சரியப்பட்டார். அப்படியானால் குழு இங்கே அமைத்த உள்கிடங்கின் சாவியும் எனக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். அவன் பேரில் கேட்க எனக்குக் கூச்சமே வரவில்லை, ‘சார்’கூடப் போடவில்லை. ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.

பிறகு தலைவர், உன்னோடு ஒருவன் இருந்தானே, எங்களுக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவன், அவனை இங்கே கொண்டுவர ஏதாவது செய்யலாமா, அவனுக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று கேட்டார்.

என்னைப் பற்றி நண்பன் என்ன சொல்வானோ அதைத்தான் சொல்ல வந்தது. அவனுக்கு இதிலெல்லாம் அவ்வளவாக ஆர்வம் கிடையாது என்று அடித்தேன்.

சரி என்றார். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.